சிவப்புக் குடைக்குப் பின்னால்

சாய்சரண் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வந்தபோதே சிம்ராவுக்குச் சந்தேகம் தட்டியது. மார்ச் மாத வெயிலில், அதுவும் மயிலாப்பூரில், யார் குல்லாய் போடுவார்கள்?

காது வலி என்றான் சாய்சரண். விக்கி நம்பவில்லை. பின்னால் போய்க் குல்லாயை மெல்ல இழுத்தான். அது கையோடு வந்துவிட்டது.

உள்ளே பளபளவென்று ஒரு மொட்டைத் தலை.

“இன்னாடா இது?” என்றான் விக்கி. “திருப்பதியா? அப்போ லட்டு எங்க?”

யாரும் சிரிக்கவில்லை. ஜானு நெற்றியில் கை வைத்துக்கொண்டு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நால்வரும் ஆறாம் வகுப்பு. பள்ளிக் குறும்பட விழாவுக்காக ஒரு சின்னப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜானு இயக்குநர். சிம்ராவிடம் கேமரா, அதாவது அவள் அம்மி என்று கூப்பிடும் அம்மாவின் செல்போன். எடுத்ததை வெட்டி ஒட்டும் எடிட்டிங்கும் அவள் வேலைதான். விக்கி வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து, வெயில் வெளிச்சத்தை நடிப்பவர் முகத்தில் திருப்பி அடிப்பான். நடிப்பவன் சாய்சரண்.

பேருந்து நிறுத்தத்தில் யாரோ மறந்துவிட்ட சிவப்புக் குடையை ஒரு பையன் கண்டெடுக்கிறான். அலைந்து திரிந்து, உரியவரிடம் சேர்க்கிறான். அவ்வளவுதான் கதை. போன சனிக்கிழமை கோயில் குளத்தருகே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் முதல் பாதியை எடுத்துவிட்டார்கள். அதில் சாய்சரணுக்கு நெற்றியில் புரளும் சுருட்டை முடி. இன்று நாகேஸ்வர ராவ் பூங்காவில் மீதிப் பாதி. திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும்.

“பஸ் ஸ்டாப்புல குடை எடுத்த பையன், பார்க்குக்கு வர்ற வழியில மொட்டை அடிச்சுக்கிட்டானா?” என்றாள் ஜானு. “பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

சாய்சரண் தரையைப் பார்த்துக்கொண்டே காரணத்தைச் சொன்னான். தங்கை மிது காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தபோது அவன் அம்மா வேண்டிக்கொண்டாராம். மாமாவுக்குத் திடீரென்று வண்டி கிடைத்ததால் இந்த வாரமே திருப்பதிக்குப் போய்விட்டு வந்தார்களாம்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் ஜானு.

“சொன்னா என்னைப் படத்திலேருந்து எடுத்துடுவீங்களேன்னு...”

ஜானுவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு வழி தெரியவில்லை. விக்கியை நடிக்க வைத்து, எல்லாவற்றையும் இன்றே மறுபடி எடுத்துவிடலாம் என்றாள்.

“நானா? எனக்கு வெக்கமா கீது,” என்று விக்கி பின்வாங்கினான்.

“பரவால்ல விக்கி, நீயே நடி,” என்றான் சாய்சரண். சிவப்புக் குடையை மடிப்புக் கலையாமல் சுருட்டி, பட்டனைப் போட்டு அவனிடம் கொடுத்தான். பிறகு தெர்மாகோல் அட்டையை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் வெயிலே இல்லை.

சிம்ரா அதைப் பார்த்தாள். மிதுவுக்கு உடம்பு சரியில்லாததால் அவன் விளையாட்டு விழாவுக்கு வரவில்லை, சுற்றுலாவுக்கும் வரவில்லை. இந்தப் படம் ஒன்றுக்குத்தான் முதலிலிருந்து தவறாமல் வந்திருந்தான்.

“கொஞ்சம் இரு ஜானு,” என்று சொல்லிவிட்டு, போன வாரம் எடுத்ததைச் செல்போனில் ஓடவிட்டாள். சாய்சரண் குடையை எடுக்கிறான். அக்கம்பக்கம் பார்க்கிறான். நடுவில், ஸ்டாப் பட்டனை அழுத்த மறந்ததால் பதிவாகிவிட்ட ஒரு ஷாட் வந்தது. அதற்காக ஜானுவிடம் திட்டு வாங்கியிருந்தாள். அதைத் தள்ளிவிட்டாள். கடைசியில் அவன் குடையைக் கேமராவுக்கு நேராக நீட்டி, டப்பென்று விரித்தான்.

திரை முழுக்கச் சிவப்பு.

சிம்ரா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் முடி இல்லை, முகம் இல்லை, பேருந்து நிறுத்தம்கூட இல்லை.

“ஜானு, இங்க வெட்டிடலாம். அடுத்த ஷாட்டையும் இதே சிவப்புலயே ஆரம்பிக்கலாம். குடை விலகும்போது பார்க் தெரியும். ரெண்டையும் ஒட்டிட்டா, நடுவுல வெட்டினதே தெரியாது.”

“குடை விலகினா மொட்டையும் தெரியுமே?”

“தெரியாது. அவன் குடையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு நம்மளை விட்டுத் தள்ளிப் போய்க்கிட்டே இருப்பான்.”

ஜானு மெல்ல எழுந்தாள். சறுக்குமரத்தை ஒருமுறை பார்த்தாள். “அது மேல ஏறி எடுத்தா?” என்றாள். “மேலேருந்து பாத்தா குடை மட்டும்தான் தெரியும். பச்சைப் புல்லு, நடுவுல சிவப்புக் குடை.”

விக்கி குடையைச் சாய்சரணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சறுக்குமரத்துக்கு வரிசையில் நின்ற குட்டிப் பிள்ளைகள், அக்கா ஏறினால் இறங்கவே மாட்டேன் என்கிறாள் என்று வாட்ச்மேனிடம் புகார் சொன்னார்கள். சிம்ரா புல்லில் படுத்துச் சாய்சரணின் நடக்கும் கால்களை எடுத்தாள். குடைக்குச் சொந்தக்காரராக நடிக்க அவள் அம்மி புதுத் துப்பட்டாவோடு வந்தார். கேமராவைப் பார்க்கக்கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் பார்த்தார். குடை கை மாறுவதை, கைகள் மட்டும் தெரியும்படி மிக அருகில் எடுத்தார்கள்.

கடைசியில் ஜானுவுக்கு ஒரு சிரிப்பு வேண்டும். குடையைக் கொடுத்ததும் பையன் சிரித்தால்தான் படம் முடியும் என்றாள். புருவத்திலிருந்து தாடை வரை மட்டும் எடுத்தால் மொட்டை தெரியாது. விக்கி தெர்மாகோலைத் தூக்கினான்.

“அதை எறக்குடா,” என்றான் சாய்சரண். “வெளிச்சத்துக்கு என் தலையே போதும்.”

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் கேமரா ஓட ஆரம்பித்ததும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பல் டாக்டரிடம் வாயைக் காட்டுவது போலவே இருந்தது. பல முறை எடுத்துப் பார்த்துவிட்டு, இருட்டத் தொடங்கியதும் கிளம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிம்ரா வீட்டில் ஷாட்டுகளை வரிசைப்படுத்தினாள். சிவப்பும் சிவப்பும் ஒட்டிக்கொண்டன. பேருந்து நிறுத்தம் அப்படியே பூங்காவாக மாறியது. ஆனால் கடைசிச் சிரிப்பு படத்தையே கெடுத்தது. அதை நீக்கினால் கதை பாதியில் நின்றது.

அப்போதுதான் தள்ளிவிட்ட அந்த ஷாட் நினைவுக்கு வந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு மிது முதல்முறையாக வெளியே வந்த நாள் அது. அம்மா இடுப்பில் இருந்தபடி அண்ணனைப் பார்த்து நாக்கை நீட்டினாள். கேமரா ஓடுவது தெரியாமல் சாய்சரண் கண்கள் சுருங்கச் சிரித்தான். நெற்றியில் அதே சுருட்டை முடி.

சிம்ரா அந்தச் சிரிப்பை அம்மியின் முகத்துக்கு அடுத்து வைத்தாள். அதில் கேட்ட பஸ் ஹாரனை நீக்கிவிட்டு, பூங்காக் குருவிச் சத்தத்தைப் போட்டாள். ஓடவிட்டாள். அவன் அம்மியைப் பார்த்தே சிரிப்பது போல இருந்தது.

விழா நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. சாய்சரண் அதே குல்லாயோடு முன்வரிசையில் நகம் கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து சிம்ரா திரையை அம்மியின் செல்போனில் பதிவு செய்தாள்.

குடை விரிந்தது, சிவப்பு நிறைந்தது, பூங்கா வந்தது. யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. மேலிருந்து எடுத்த குடைக்கு வகுப்பாசிரியை ஜெயஸ்ரீ மிஸ்கூடக் கை தட்டினார். கடைசியில் அந்தச் சிரிப்பு வந்தது.

“அம்மா, அண்ணா என்னைப் பாத்து சிரிக்கிறான்,” என்று இருட்டில் ஒரு குட்டிக் குரல் கேட்டது.

“உஷ். அந்த ஆன்ட்டியைப் பாத்துதான் சிரிக்கிறான்.”

“இல்ல. என்னைத்தான். நான் நாக்கு நீட்டினேன்ல.”

“கண்டுபிடிச்சுட்டா,” என்று சாய்சரண் சிம்ராவின் காதில் சொன்னான்.

விளக்குகள் எரிந்ததும் மிது ஓடிவந்து அவன் மடியில் ஏறினாள். குல்லாயைப் பிடுங்கி எறிந்தாள். புதிதாக முளைத்திருந்த முடியைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி நாக்கை நீட்டினாள். சாய்சரண் கண்கள் சுருங்கச் சிரித்தான்.

“சிம்ரா, ரெக்கார்ட் போடு, சீக்கிரம்,” என்றாள் ஜானு.

சிம்ரா செல்போனைப் பார்த்தாள். இந்த முறையும் அவள் ஸ்டாப் பட்டனை அழுத்த மறந்திருந்தாள்.