தேவையில்லாதவை நீக்கப்படுகின்றன

பந்து நின்றுவிட்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததிலிருந்து கூடத்துச் சுவரில் மகள் அடித்துக்கொண்டிருந்த ரப்பர் பந்தின் ‘தொப், தொப்’ சத்தத்துக்குத் தன் காது எவ்வளவு பழகிப் போயிருந்தது என்பது, அது நின்ற பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தடதடப்புக்கு மேலே அவள் வழக்கம்போல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பந்து மட்டும் இல்லை. நல்லதாப் போச்சு, தலைவலி விட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் மறுபடி திரையைப் பார்த்தான்.

கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘சிக்கனம்’. பொருத்தமான பெயர்தான். ஓடாது, குப்பையில் போடு என்று ஊரே கைகழுவிய பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பான். அதிலும் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கட்டளைக்காகக் கண்சிமிட்டிக் காத்திருக்கும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். அதற்கு மேல் இருப்பதெல்லாம் வெறும் கொழுப்பு என்பது அவன் கட்சி.

“அந்தப் பொட்டியையும் பட்டினி போட்டாச்சா?” என்று சற்று முன்புதான் மனைவி உள்ளிருந்தே கேட்டிருந்தாள்.

“பட்டினி இல்லம்மா, பத்தியம். நாம கேட்டாத்தான் அது செய்யணும். கேக்காம தானா ஒண்ணு ஓடுச்சுன்னா தண்டம்.”

“அப்ப இந்த வீட்டுல முதல் தண்டம் நான்தான். நீங்க கேட்டா நான் எல்லாம் செய்யறேன்? தானாத்தானே ஓடிக்கிட்டிருக்கேன்.”

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு மேஜைமேல் இருந்தது, மூடிப்போன ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடைசிப் பெட்டி. மூடியைக் கழற்றியபோதே அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. அத்தனை வருஷப் பழசு. உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. யாரோ நாக்கால் வழித்து எடுத்ததுபோல அப்படி ஒரு சுத்தம். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை மட்டும் இருந்தது. மற்றவர்களாக இருந்தால் இரண்டு நிமிஷம் யோசித்திருப்பார்கள். இவன் யோசிக்கிற ஆளா?

ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. வேண்டாததையெல்லாம் ஒரே வரியில் கோத்து, ‘நிச்சயமாகவா?’ என்று அது கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’ என்ற பதிலையும் முன்கூட்டியே சேர்த்து, என்டரைத் தட்டிவிடுவான். அப்புறம் அது பாட்டுக்கு ஊர்ந்து ஊர்ந்து நீக்கிக்கொண்டு போகும். இன்றைக்கும், பந்து நிற்பதற்குச் சற்று முன்புதான், அப்படித் தட்டிவிட்டிருந்தான். முதலில் விளையாட்டுகள். அடுத்து இசை. பிறகு மொழிகள். கடைசியாகப் பின்னணி வேலைகள். அதாவது யாரும் சொல்லாமலே, நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பத் தானாக நடப்பவை.

திரையில் ஒரு வரி வந்தது. விளையாட்டுகள் நீக்கப்பட்டன.

அடுத்த அறையில் பாட்டு பாதியில் அறுந்தது.

வரி முடிந்து நின்றிருந்தால் அவன் கவனித்திருக்க மாட்டான். ஒரு சொல்லின் நடுவில், இழுத்த இழுப்பிலேயே நின்றது. தையல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து கூடத்துக்குப் போனான். மகள் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பந்து அவள் மடியில் இருந்தது; அது என்னவென்றே தெரியாததுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாப்பா, விளையாடலியா?”

அவள் நிமிர்ந்தாள். “அப்படின்னா என்னப்பா?”

வாலு, விளையாடுகிறது என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. குழந்தையின் முகத்தில் குறும்பு ஒரு துளிகூட இல்லை. மனைவியின் அறை வாசலில் போய் நின்றான்.

“ஏன் பாட்டை நிறுத்திட்ட?”

“பாட்டா?” துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “எனக்கு எங்கங்க பாடத் தெரியும்?”

கல்யாணமான நாளிலிருந்து பாடிக்கொண்டிருப்பவள். சீச்சீ, இது என்ன பைத்தியக்காரத்தனம், கம்ப்யூட்டருக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே திட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினான்.

இசை நீக்கப்பட்டது. மொழிகள் நீக்கப்படுகின்றன.

“ஏய்!” என்று கத்தினான். “ஏதாவது பேசேன்!”

“ஏங்க, என்ன ஆச்சு உங்க…”

அவ்வளவுதான்.

“பாப்பா!”

மழை. தையல் மெஷின். மழை.

அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கோத்த வரிதானே. கீபோர்டில் பாய்ந்தான். நிறுத்தும் பொத்தான்களை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். குத்தினான். நிற்கவில்லை. கேள்வி கேட்டால் வேண்டாம் என்றாவது சொல்லலாம். அது கேட்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஆம் என்று அவன்தான் சொல்லிவைத்திருந்தான்.

பின்னணி வேலைகள் நீக்கப்படுகின்றன.

பிளக்கைப் பிடுங்கினான்.

பாதி வேலையில் கரண்டை நிறுத்தாதே என்று எத்தனை பேருக்குப் படித்துப் படித்துச் சொன்னவன். பாதியில் நின்றால் எதுவும் மிஞ்சாது. கை முந்திக்கொண்டது. திரை இருண்டது. அடுத்த அறையில் தையல் மெஷினும் நின்றது.

ஓடினான்.

அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். ஊசி துணிக்குள். கால் பெடல்மேல். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினான். முகத்தில் அறைந்தான். “மூச்சு விடு! ஐயோ, மூச்சு விடும்மா!”

விட்டாள்.

கூடத்திலிருந்து இன்னொரு மூச்சும் கேட்டது. சின்ன மூச்சு.

பிறகு இரண்டும் நின்றன.

“மூச்சு விடு!”

மறுபடி ஒன்று. நின்றது. நிறுத்தாம விடு என்றான். ஒன்றுதான் வந்தது. நான் சொல்லாட்டியும் விடு என்று கெஞ்சினான். ஒன்று. திரும்பச் செய்ய வேண்டும் என்று உள்ளிருந்து நினைவுபடுத்துகிற எதுவோ, அதைத்தான் அவன் நீக்கியிருந்தான். பேச்சுப் போயிருந்தது. கட்டளை மட்டும் உள்ளே போனது.

கத்திக்கொண்டே அறைக்கு ஓடி பிளக்கைச் செருகினான். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: துவக்குவதற்கு இந்த டிஸ்கில் ஒன்றும் இல்லை. மறுபடி போட்டான். மறுபடி அதே வரி. அந்த இடைவெளியில் அவன் வாய் சும்மா இருந்துவிட்டது. திரும்பி ஓடிவந்தபோது மகளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தான். “சொல்லுங்க, என்ன அவசரம்?” என்றது ஒரு பெண் குரல். “மூச்சு விடு” என்றான். “சார்?” என்றது குரல். தெருவின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தான். மகளின் தலை சரிந்தது. “மூச்சு விடு! மூச்சு விடு!” விளையாட வேற ஆளே கிடைக்கலியா என்று மறுமுனையில் வைத்துவிட்டார்கள். மறுபடியும் அழைத்தான். எடுக்கவில்லை. ஜன்னலைத் திறந்து கூப்பிட்டான். மழையில் எதிர்வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

இருவரையும் இழுத்துவந்து தரையில் அருகருகே உட்காரவைத்து, எதிரே மண்டியிட்டான். மூச்சு விடு. இரண்டு நெஞ்சும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. கண்ணை மூடு, திற. எச்சிலை விழுங்கு. மூச்சு விடு. அழுகை முட்டியது. அழுதால் வார்த்தை குழறும், குழறினால் அவர்களுக்குப் போய்ச் சேராது. அழாமல் சொன்னான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழக்கூட நேரமில்லை.

மூச்சு விடு.

தொண்டை எரிந்தது. தண்ணீர் சமையலறையில். அவ்வளவு தூரம்.

மூச்சு விடு.

கரகரத்தது.

மூச்சு…

அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். அரை இருட்டில் தாயும் மகளும் ஆடாமல் அசையாமல் அவன் உதட்டையே பார்த்தபடி, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.