ஏரிக்கரைக் கிடாரிகள்

தொழுவ வாசலில் காலையில் சிந்திய ரத்தம், பிற்பகல் காப்பி குடித்து முடித்த பிறகும் உறையாமல், கறுப்புத் தண்ணீராகச் சாக்கடைப் பக்கம் ஊர்ந்துகொண்டிருப்பதைக் குன்வோர் பார்த்தாள். உள்ளே அவள் கணவன் ஸ்டூரே, விடியலில் பொசுக்கென்று செத்து விழுந்த கிடாரியைச் சங்கிலியில் தலைகீழாகத் தூக்கித் தோலுரித்துக்கொண்டிருந்தான். தசையை விட்டுத் தோல் பிரிகிற ஈரச் சத்தமும் துருப்பிடித்த இரும்பு வாடையும் முற்றம் வரை வந்தன.

"ஸ்டூரே, டாக்டர் வந்து பாக்கட்டுமே. செத்த மாட்டக் கீறக் கூடாதும்பாங்கல்ல?"

"அது அடைப்பான் நோய்ல, ஆந்த்ராக்ஸ்ல செத்ததுக்கு. நம்ம மாட்டுக்குத்தான் ஊசி போட்டாச்சே! நீதான கூட நின்ன? மறந்துட்டியா கிழவி?" என்று சிரித்தான்.

குன்வோருக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூன் மாதம் ஊசி போட வந்த மருத்துவர் ஹெல்யெ, "வேற மருந்து ஏதும் குடுத்தியா?" என்று கேட்டிருந்தார். குளம்புப் புண்ணுக்காக முந்தின நாள்தான் எல்லாக் கிடாரிகளுக்கும் பென்சிலின் குத்தியிருந்தாள். சொன்னால் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவார். பழைய அடைப்பான் கிருமி மண்ணில் கிடப்பதால், ஊசி போடாத மாட்டை வெட்டர்ன் ஏரிக்கரையில் மேய விடமாட்டார்கள். பரணிலோ வைக்கோல் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. "ஒண்ணும் குடுக்கல" என்று கூசாமல் சொல்லிவிட்டாள்.

இப்போது வீட்டுக்குள் போய் ஹெல்யெவுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"அடிப்பாவி! அது உயிருள்ள கிருமில செஞ்ச ஊசி. பென்சிலின் அதக் கொன்னிருக்கும். ஊசி போட்டும் போடாத மாதிரிதான். ஸ்டூரேய உடனே வெளிய இழு, குன்வோர்!"

ஓடினாள். மேய்ச்சல் வேலி சாய்ந்து கிடந்தது. கரையில் ஒரு மாடும் இல்லை. தொழுவத்துக்குள் சத்தம் மட்டும் நிற்கவில்லை. சர்ர். கொஞ்சம் அமைதி. மறுபடி சர்ர்.

"ஸ்டூரே! கத்தியக் கீழ போடு! வெளிய வா!"

சர்ர்.

வாசலில் கால் வழுக்கியது. ரத்தம் சூடாக இருந்தது. காலையில் செத்த மாட்டின் ரத்தம் இப்படிச் சுடாது.

கதவைத் தள்ளினாள்.

கத்தி தரையில் கிடந்தது. பாதி உரித்த கிடாரி மூலையில் கிடந்தது. சங்கிலியில் ஸ்டூரே தொங்கினான். தலைகீழாக. ரப்பர் பூட்ஸோடு. சுற்றிலும் கிடாரிகள். மூக்கிலிருந்து கறுப்பு ரத்தம் ஒழுக, அவனை நக்கிக்கொண்டிருந்தன. சொரசொரப்பான நாக்குகள். ஒவ்வொரு நக்கலுக்கும் தோல் ஒரு பட்டையாகக் கழன்று வந்தது. முதுகு முழுக்கப் போய்விட்டது. முகம் மட்டும் மிச்சம்.

குன்வோர் அந்த முகத்தையே பார்த்தாள். நான்தான். நான்தான் பண்ணினேன்.

ஸ்டூரேயின் உதடுகள் அசைந்தன.

"டாக்டர் என்ன சொன்னாரு, குன்வோர்?"

நக்குவது நின்றது. கிடாரிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. பிறகு, அவள் உள்ளே வருவதற்குத் தோதாக, இரண்டு பக்கமும் மெல்ல ஒதுங்கி வழி விட்டன.