குளத்துக்குப் போன முட்டைகள்

மயிலி அடைக்கு உட்கார்ந்து அன்றோடு பத்தொன்பது நாள். இன்னும் இரண்டே நாள் போனால் பதினோரு குஞ்சும் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். செவந்திக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

மயிலி அவளுடைய சொந்தக் கோழி. போன தடவை அது பொரித்த குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாதியைப் பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று, மீதியைக் கீரி தின்றது. கடைசிக் குஞ்சும் போன அன்று மயிலி தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தது. அதன் பின்னாலேயே அலைந்து செவந்தியும் அழுதாள்.

"இந்தத் தடவை ஒண்ணு விடாம நான் காப்பாத்தித் தாரேன், பாரு" என்று கோழிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பத்து வயதுப் பெண் கொடுத்த வாக்கு! லேசுப்பட்டதா?

அன்று காலை ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மயிலி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. செவந்தி உள்ளே ஓடினாள். அடுப்படி மூலையில் அடைக்கூடை இருந்த இடம் காலி!

பக்கத்தில் இருந்த இன்னொரு கூடை மட்டும் அப்படியே இருந்தது. அதில் இருந்தவை ராவுத்தர் வீட்டுக் குளத்துக்குக் கொடுக்க எடுத்துவைத்த முட்டைகள்.

குளத்துக்கு எதற்கு முட்டை என்று கேட்கிறீர்களா? ஊரே அப்படித்தான் கேட்டது.

புதுக்கோட்டையில் ராஜா ஆட்சி நடந்த காலம் அது. பினாங்கில் வியாபாரம் செய்துவிட்டுக் கப்பலேறி வந்த ஹாஜா முகைதீன் ராவுத்தர், கறம்பக்குடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரில் புது வீடு கட்டினார். வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் ஒன்றும் வெட்டினார். ஊரில் யாரும் அதற்கு முன் நீச்சல் குளத்தைக் கண்ணால் கண்டதில்லை.

"தவளை இல்ல, மீன் இல்ல, தாமரையும் இல்ல. இது என்னய்யா குளம்?" என்று சிரித்தார்கள்.

ஆனால் கொத்தனார் குழந்தைசாமி சிரிக்கவில்லை. சிப்பிச் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றிக் குழைத்துக் கடைசிப் பூச்சுப் பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்துவிட வேண்டும். அப்போதுதான் சுவர் கண்ணாடி மாதிரி மின்னும், சொட்டுத் தண்ணீர் கசியாது. அதற்காக வீடு வீடாக முட்டை சேர்த்தார்கள். வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தவர் செவந்தியின் அப்பா மூக்கன்தான்.

அம்மா பொன்னுத்தாய் தன் தங்கச்சியின் பிரசவத்துக்காகக் குளத்தூர் போயிருந்தாள். அப்பாவுக்கு மாட்டைப் பற்றி எல்லாம் தெரியும், கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலையில் மயிலி இரை பொறுக்க வெளியே போன நேரம் பார்த்துக் கூடையை எடுக்க வந்திருக்கிறார். கூடை மாறிவிட்டது!

குழையைப் போட்டது போட்டபடி செவந்தி ஓடினாள். பங்குனி வெயில் காலைச் சுட்டது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

ராவுத்தர் வீட்டுக் கொல்லையில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. குளத்துக்குள் பத்துப் பெண்கள் குந்தி உட்கார்ந்து கூழாங்கல்லால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் வேப்பமரத்து நிழலில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் முட்டைகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, இருநூறு முட்டைக்குமேல் இருக்கும். கொத்தனார் ஒரு முட்டையை எடுத்துப் பானை விளிம்பில் தட்டப் போனார்.

"உடைக்காதீங்க மாமா! உடைக்காதீங்க!"

செவந்தி போட்ட சத்தத்தில் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வண்டியடியில் நின்ற அப்பா ஓடிவந்தார்.

"என்ன ஆத்தா? என்ன ஆச்சு?"

"மயிலி முட்டை எங்கப்பா?"

"அடுப்படிக் கூடையா? அதைத்தான் மொதல்ல கொண்டாந்தேன். ஒவ்வொண்ணுலயும் என்னமோ கரிக்கோடு இருந்துச்சு. அழுக்கு இருந்தா பூச்சுக் கெட்டுப்போகும்னு கொத்தனார் சொன்னாரு. அதான் ஈரத்துணியால பளபளன்னு தொடச்சுக் கொண்டாந்தேன்" என்றார் அப்பா பெருமையாக.

"கோடு நான் போட்டதுப்பா! அடைமுட்டைன்னு தெரியறதுக்குப் போட்டது!"

அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "சூடா இருந்துச்சு... அடுப்புப் பக்கத்துல இருந்தா சூடாத்தானே இருக்கும்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

அதற்கு மேல் செவந்தியால் தாங்க முடியவில்லை. அந்த முட்டைக் குவியலைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டாள்.

கொத்தனாருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் என்ன செய்வார்? "இந்தா புள்ள, பாதிச் செவரு பூசியாச்சு. நடுவுல நின்னா ஒட்டுப் போட்ட மாதிரி கோடு விழுந்து, அதுலயே தண்ணி கசியும். வெள்ளிக்கிழமை தண்ணி விட நாள் குறிச்சிருக்கு. இத்தனை முட்டையில ஒன் முட்டையை எங்க போய்த் தேடுறது?"

"குஞ்சு இருக்கிற முட்டை பானையில விழுந்தா ஒங்க பூச்சும் கெட்டுப்போகுமே, மாமா?"

"முப்பது வருசமா முட்டை ஒடைக்கிறேன். கையில எடுத்தாலே எனக்குத் தெரிஞ்சுபோகும்" என்று கொத்தனார் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு முட்டையை எடுத்தார். ஆட்டிப் பார்த்தார், வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். பானை விளிம்பில் ஒரு தட்டு தட்டினார்.

டப்!

அம்மாடி! அப்படி ஒரு நாற்றம்! கூமுட்டை வெடித்துப் பாதி பானைக்குள்ளும் பாதி அவர் மீசையிலும் தெறித்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொத்தனார் பானையைக் கவிழ்த்துவிட்டு வாய்க்காலுக்கு ஓடினார்.

அவர் மூன்று முறை மீசையைக் கழுவிவிட்டு வருவதற்குள் செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா கூமுட்டை பார்ப்பது எப்படி என்று அவளுக்கு நினைவு வந்திருந்தது.

"மாமா, எல்லாத்தையும் தண்ணியில போட்டுப் பாப்போமா? நல்ல முட்டை முங்கிரும். கூமுட்டை மெதக்கும். அடைமுட்டையும் மெதக்கத்தான் செய்யும். முங்கினதை நீங்க ஒடைச்சுக்கங்க. ஒவ்வொண்ணா மோந்து பாக்கவும் வேணாம்."

கொத்தனார் மீசையைத் தொட்டு முகர்ந்து பார்த்துக்கொண்டார். "சரி, சீக்கிரம் ஆகட்டும்" என்றார்.

இதையெல்லாம் கொல்லைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் ராவுத்தர் மகள் ஹமீதா பானு. அவளுக்கும் செவந்தி வயதுதான். "நான் அண்டா தாரேன்!" என்று உள்ளே திரும்பினாள்.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும். கைப்புள்ளைக்கு ஊத்துற சூடு போதும்" என்று செவந்தி பின்னாலிருந்து கத்தினாள்.

பித்தளை அண்டா வந்தது. இரண்டு சிறுமிகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து முட்டைகளை மெல்ல உள்ளே விட்டார்கள். மூழ்கியதை எல்லாம் அப்பா எடுத்து எடுத்துக் கொத்தனாரிடம் கொடுத்தார். வேலை முன்னைவிட வேகமாகவே நடந்தது.

குவியல் தீர்ந்தபோது பதின்மூன்று முட்டைகள் மிதந்தன.

"நமக்குப் பதினொண்ணுதானே? இதுல கூமுட்டை எது, குஞ்சு எது?" என்றார் அப்பா.

செவந்தி அண்டா விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். தண்ணீர் அசைவு அடங்கிற்று. முட்டைகளும் அடங்கின. அப்போது ஒரு முட்டை தானாக ஒரு குலுக்குக் குலுங்கியது.

"ஆடுது! அப்பா, ஆடுது! உள்ள காலை ஒதைக்குது!"

பக்கத்தில் இன்னொன்றும் குலுங்கியது. ஹமீதா கையைத் தட்டப் போய், தண்ணீர் அசைந்துவிடும் என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள். ஆடிய முட்டைகளைச் செவந்தி ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைக்கோலில் வைத்தாள். பத்து வந்தன. மிச்சம் மூன்றும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அசையவே இல்லை.

"அதைத் தூக்கி எறி புள்ள. என் மீசை பட்டது போதும்" என்றார் கொத்தனார்.

"இதுல ஒண்ணு என் முட்டை மாமா. ஆடலைன்னா என்ன? தூங்குதோ என்னமோ!"

மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். அப்பா கூடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். வழியில் யார் கூப்பிட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கூடையை மூலையில் வைத்ததுதான் தாமதம், மயிலி பாய்ந்து ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். "தெரியாமப் பண்ணிட்டேன் ஆத்தா" என்றார். செவந்தி தலையை ஆட்டினாள். ஆனால் மனசு இன்னும் முழுசாக ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கூடையெல்லாம் கீச்சு கீச்சென்று ஒரே சத்தம். பத்துக் குஞ்சுகள்! வெயில் ஏறியதும் மயிலி அவற்றைக் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கிவிட்டது. செவந்தி எல்லாவற்றையும் பிடித்துப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினாள். இனிப் பருந்து வந்தாலும் கவலையில்லை.

கூடையில் மூன்று முட்டைகள் அனாதையாகக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தாள். முதல் முட்டையில் சத்தமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் உள்ளிருந்து யாரோ விரலால் தட்டுவது போல மெல்லக் கேட்டது.

"அப்பா! இதுல உசிரு இருக்கு! ஆனா மயிலி எறங்கிருச்சே. சூடு போயிட்டா செத்துப்போகுமே!"

குளத்துக்குத் தண்ணீர் விடும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா திரும்பி வந்தார். "எங்கிட்டக் குடு. என் வயித்துச் சூட்டுல வச்சுக்கறேன்."

"ஒங்கிட்டயா?"

அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். செவந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முட்டையை அந்தக் கையில் வைத்தாள். அப்பா அதை மெல்லிய துணியில் சுற்றி வேட்டி மடியில் கட்டிக்கொண்டார்.

குளக்கரையில் ஊரே கூடியிருந்தது. சுவரெல்லாம் வெள்ளைவெளேரென்று மின்னியது. கிணற்றடியில் கமலை இழுக்கும் மாடுகள் சரிவில் இறங்க, தண்ணீர் மொள்ளும் சாலிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் கொட்டி ஓடிவந்தது. தண்ணீர் நேரே விழுந்தால் புதுப் பூச்சுக் கரையும் என்று, விழும் இடத்தில் வைக்கோல் விரித்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அப்பாவின் வேலை.

ராவுத்தர் இறைவன் பெயரைச் சொல்லி மடையைத் திறந்தார். தண்ணீர் குளத்துக்குள் இறங்கியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

"மூக்கா, வைக்கோல் வெலகுது பாரு! குனிஞ்சு தள்ளி விடு!" என்று கரையிலிருந்து கொத்தனார் கத்தினார்.

"குனிய முடியாதுங்க கொத்தனாரே!"

"ஏன்? வயித்து வலியா?"

"வயித்துல முட்டைங்க!"

ஊரே சிரித்தது. செவந்தி சடாரென்று இறங்கி, வைக்கோலைத் தன் காலால் தள்ளிச் சரிசெய்தாள். அப்போது அப்பா, "ஆத்தா..." என்றார். அவர் குரல் என்னமோ மாதிரி இருந்தது.

மடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

அப்பா மெல்ல மடியை அவிழ்த்தார். ஓடு இரண்டாகப் பிளந்து, நனைந்த பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு குஞ்சு அவர் உள்ளங்கையில் கிடந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

"எங்க, எங்க?" என்று ஹமீதா ஓடிவந்தாள். கொத்தனார் வந்தார், சுவர் தேய்த்த பெண்கள் வந்தார்கள், ராவுத்தரும் எட்டிப் பார்த்தார். குளம் பார்க்க வந்த கூட்டம் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"இதையா தூக்கி எறியச் சொன்னேன்?" என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். வைக்கோலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அப்பாவையும் செவந்தியையும் வீட்டுக்கு அனுப்பினார்.

செவந்தி பஞ்சாரத்தைக் கொஞ்சம்போலத் தூக்கிக் குஞ்சை உள்ளே விட்டாள். மயிலி தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது. பிறகு சிறகை விரித்து அதையும் உள்ளே சேர்த்துக்கொண்டது.

அப்பா தரையில் உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு..." என்று விரல் விட்டு எண்ணினார். பதினொன்று வந்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுவாதப்பா" என்று செவந்தி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, வெரசாப் போவோம். குளத்துல இன்னும் முழங்கால் தண்ணிகூட நெறஞ்சிருக்காது!"