பால்கனி அறை ஏன் மாறியது?

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. ஃபேன் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிடும். ஒரு துப்பறியும் கதை சொல்கிறேன். இதில் கொலையும் இல்லை, களவும் இல்லை. ஆனாலும் முடிவில் உங்கள் மனசு கனத்தால் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாலக்கரையில் டெல்பின் என்று ஓர் அம்மாள் இருந்தார். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். புரியாத சிக்கல் எதுவானாலும் ஊரார் அவரைத் தேடித்தான் வருவார்கள். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்குப் பக்கத்து வீட்டுத் தையற்காரி அற்புதம்மாள் இருந்தாள். தை மாதத்தில் ஒருநாள் காலை அவர்களைத் தேடி யாழினி என்ற பெண் வந்தாள். திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அப்பா தவறி இருபது நாள் ஆச்சு மேடம். மாசியில அப்பாவும் அம்மாவும் சென்னையிலேருந்து கப்பல்ல போறதா இருந்தாங்க. நான்தான் ஏற்பாடு பண்ணேன்" என்று ஒரு டிக்கெட்டை எடுத்து வைத்தாள். "கப்பல்ல மூணு விதமா ரூம் இருக்கு. உள்பக்கத்து ரூம்ல ஜன்னலே கிடையாது. அடுத்ததுல கண்ணாடி ஜன்னல், கடல் தெரியும், ஆனா திறக்க முடியாது. மூணாவதுல பால்கனி. எங்கப்பா வாழைத் தோப்புல கயித்துக் கட்டில் போட்டே தூங்கினவரு. அடைச்ச ரூம்ல மூச்சு முட்டும்னு பால்கனிதான் எடுத்தேன். காரியத்தன்னைக்கு அண்ணன் பீரோவைத் திறந்து இந்த டிக்கெட்டைப் பார்க்குது. உள் ரூம்னு போட்டிருக்கு! 'பெத்தவங்களை இருட்டறையில அடைச்சு அனுப்ப இருந்தியா'ன்னு சொந்தக்காரங்க முன்னாடியே கேட்டுடுச்சு."

"நீ என்னம்மா சொன்னே?" என்றார் டெல்பின்.

"என்னை அசிங்கப்படுத்த நீதான் மாத்தியிருப்பேன்னு சொன்னேன். அதோட பேச்சு நின்னுபோச்சு. அது கிடக்கட்டும் மேடம். டிக்கெட் அப்பா பீரோவுல இருந்துச்சே. அவர் பார்த்திருப்பாரே. பொண்ணு நம்மளை இவ்வளவுதான் நினைச்சிருக்கான்னு மனசொடிஞ்சு போயிட்டாரா? எனக்கு அது தெரியணும்."

"இது அண்ணன் பொண்டாட்டி வேலை, எழுதி வச்சுக்குங்க!" என்றாள் அற்புதம்மாள்.

"அண்ணனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

"அப்ப அந்த டிராவல்ஸ்காரன்!"

டெல்பின் அந்த டிராவல்ஸுக்கே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். பிரவீன்ராஜ் என்ற ஊழியர் பேசினார்.

"நல்லா ஞாபகம் இருக்குங்க. மார்கழியில காத்தமுத்துன்னு ஒரு பெரியவர் தனியா வந்தார். அவரே கையெழுத்துப் போட்டுத்தான் மாத்தினார். மூணு ரூம் படத்தையும் காட்டினேன். ஒவ்வொண்ணுக்கும் 'இதுல தண்ணி தெரியுமா'ன்னு கேட்டார். பால்கனியில தெரியும், ஜன்னல்ல தெரியும், உள் ரூம்ல தெரியாதுன்னேன். தெரியாத ரூமைப் போய்த் தொட்டுக் காட்டறார்! புரியலை போலன்னு திரும்பச் சொன்னேன். 'எனக்குப் புரியுது தம்பி, நீ மாத்து'ன்னு கோவிச்சுக்கிட்டார்."

யாழினியின் முகம் செத்துப் போயிற்று. "அப்பாவேவா? நான் ஆசையா கொடுத்தது அவருக்குப் பிடிக்கலையா?"

"உங்க அப்பா இருந்த வீட்டைப் பார்க்கணும்" என்று டெல்பின் எழுந்தார்.

தொட்டியத்துத் தோப்பை விற்றுவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப்பக்கம் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள் அந்தப் பெற்றோர். தாயார் பாப்பாயி தரையில் உட்கார்ந்திருந்தாள். "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள். சற்று நேரத்தில் மறுபடி கேட்டாள். பிறகு மூன்றாம் முறையும் கேட்டாள்.

"அப்பா போன துக்கம் மேடம்" என்று யாழினி கிசுகிசுத்தாள்.

சுவரில் ஒரு சிறுவனின் படம் மாலையோடு இருந்தது. "பூவரசன். எங்களுக்கு மூத்தவன். நாங்க பிறக்கறதுக்கு முன்னாடியே காவேரி கொண்டுபோயிடுச்சு. ஒன்பது வயசு" என்றாள் யாழினி.

அடுக்களை மேடையில் ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது. அற்புதம்மாள் திறந்தாள். இரண்டு இட்லி, புளித்த வாடை. "காக்காய்க்கா?"

"அப்பா அப்படித்தான் சொல்வார். அம்மா மூடி வைக்கிறதைத் தினம் அவரே எடுத்துட்டுப் போவார்."

வாசல் கதவின் உள்பக்கம், பாப்பாயிக்கு எட்டாத உயரத்தில், ஒரு புதுத் தாழ்ப்பாள். திருடன் பயம் என்று காத்தமுத்து சொல்லியிருக்கிறார். கூடத்தில் இருந்த ஒரே ஜன்னலின் கண்ணாடி முழுக்கக் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. "அதுவும் அப்பாதான், மார்கழியில. வெயில் கண்ணுல அடிக்குதுன்னார்."

டெல்பின் தாளின் ஓரத்தைத் தூக்கி வெளியே பார்த்தார். மெல்ல மூடினார். "உங்க அண்ணனைக் கூப்பிடும்மா."

தென்னூரிலிருந்து ஜெயக்குமார் பைக்கில் வந்து சேர்ந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"அற்புதம், காக்காய்க்கு வைக்கிறதை யாராவது மூடி வைப்பாங்களா?" என்றார் டெல்பின்.

"மாட்டாங்கக்கா. வெளியே போன ஆளு வந்து சாப்பிடத்தான் மூடி வைப்போம்."

"திருடனுக்குப் போட்ட தாழ்ப்பாள் அவ்வளவு உயரத்துல எதுக்கு? வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு எட்டக்கூடாதுன்னுதான். இந்த ஜன்னல் வடக்கே பார்த்தது. மார்கழியில சூரியன் தெக்கால சாய்ஞ்சு போறவன். இதுல ஏது வெயில்? உங்கப்பா மறைச்சது வெயிலை இல்லப்பா. கொள்ளிடத்தை."

டெல்பின் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மாவுக்கு மறதி வந்திருக்கு. நீங்க துக்கம்னு நினைக்கிறீங்க. ஆனா மூடி வச்ச தட்டு அப்பா இருக்கும்போதே இருந்ததே. மத்ததெல்லாம் நழுவிப் போக, மூத்த பிள்ளை இன்னும் தண்ணியிலதான் நிக்கிறான்னு தேட ஆரம்பிச்சுட்டாங்க. தண்ணியைக் கண்டா இறங்கிடுவாங்க. பால்கனியில என்ன ஆகும்னு நானே சொல்லணுமா? கண்ணாடி ஜன்னல் திறக்காதுதான். ஆனா பொழுதன்னைக்கும் கடலைப் பார்த்துப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அதனால தனக்கு மூச்சு முட்டினாலும் சரின்னு உள் ரூமை எடுத்துட்டார்."

"கப்பலே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே!" என்றான் ஜெயக்குமார்.

"சொன்னா தங்கச்சி ஏன்னு கேட்கும். இந்தப் பொண்ணோட ஆசையைக் கெடுக்கவும் மனசு வரலை, பொண்டாட்டியைக் காட்டிக் கொடுக்கவும் மனசு வரலை."

"அப்ப அவர் என்னைத் தப்பா நினைக்கலை" என்றாள் யாழினி.

"இல்லம்மா. நிச்சயமா இல்லை."

இதற்காகத்தான் அவள் வந்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்? தனியா எத்தனை நாள் கதவைப் பார்த்துக்கிட்டே கிடந்தாரோ. ஏன் சொல்லலை?"

"அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியலைம்மா" என்றார் டெல்பின்.

ஜெயக்குமார் குழாயடிக்குப் போய், அழுகை தெரியாமலிருக்க முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டான். தலையெல்லாம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவனைக் கண்டதும் பாப்பாயி சட்டென்று எழுந்தாள். முந்தானையை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

"வந்துட்டியாடா பூவரசா? எவ்வளவு நேரம்டா தண்ணியிலயே கிடப்பே?"

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டேம்மா" என்றான்.

"அப்பாடி! உங்கப்பாவைக் கூப்பிடுங்க. பிள்ளை வந்துட்டான்னு சொல்லுங்க. பாவம், அந்த மனுஷன் தூங்கியே நாளாச்சு."

மாசியில் கப்பல் அவர்கள் இல்லாமலே புறப்பட்டது. அண்ணனும் தங்கையும் அம்மாவோடு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

போய் வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்களெல்லாம் விளக்கு வைப்பதற்குள் சுகமாக வந்து சேரட்டும். சுமக்கிறவர் எவரும் உங்கள் வீட்டில் தனியாகச் சுமக்காதிருக்கட்டும். நெஞ்சில் இருப்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லட்டும். அதைக் கேட்க நீங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.