எட்டாவது பாட்டுக்கு முதலிடம்

ஷெரினுக்கு நிரையாளி முதலிடம் கொடுத்திருப்பதாகச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஞானராஜின் மணிக்கட்டுத் திரையில் செய்தி வந்தது. மொத்தம் ஒன்பது நோயாளிகள் காத்திருந்தார்கள். ஆய்வகத்தில் வளர்ந்துகொண்டிருந்த இதயமோ ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை அது தயாராகிவிடும். வரிசையில் முதலில் இருப்பவருக்கு அதைப் பொருத்துவார்கள். மற்ற எட்டுப் பேரும் அடுத்த இதயம் வளரும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை இருந்தால்.

ஞானராஜ் மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே அழுதுவிட்டான். ஐம்பத்தோரு வயது, ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர், கல்யாணம் ஆகாதவன். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கென்று இருந்தது தங்கை ஷெரின் மட்டும்தான். அவளுக்கு இரண்டு வருடமாக மாடிப்படி ஏறக்கூட முடியவில்லை. இப்போது கட்டிலில் சாய்ந்து உட்காரவே மூச்சு வாங்கியது.

நிரையாளி என்றால் என்னவென்று அந்தக் காலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பொருளைக் காட்டினால் எது மேல், எது கீழ் என்று சொல்லும் எந்திரம். பள்ளியில் யாருக்கு இடம், அரசு குடியிருப்பில் யாருக்கு வீடு, எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் என்று எல்லாவற்றையும் அதுதான் சொன்னது. வரிசையில் முந்துவதற்கு ஆள் பிடித்துப் பழகிய நம் ஜனங்கள் முதலில் முணுமுணுத்தார்கள். எந்திரத்துக்கு மச்சான் கிடையாது, சாதி கிடையாது என்று புரிந்ததும் அப்படியே காலில் விழுந்துவிட்டார்கள். கடைசி இடம் வந்தவர்கள்கூட, நிரையாளியே சொல்லிவிட்டது, நமக்குத்தான் ஏதோ குறை என்று தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

இதில் ஞானராஜுக்குத் தனியாக ஒரு பெருமை இருந்தது. நிரையாளியின் முதல் பாடப்புத்தகம் அவன் எழுதியது.

பெரம்பூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ஹெவி மெட்டல் என்ற முரட்டு ராக் இசைக்குப் பைத்தியமான ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுவார்கள். இரும்புச் சபை என்று பெயர். வாரத்துக்கு ஒரு பழைய ஆல்பம். எண்பதுகளில் வந்த இங்கிலாந்து, ஜெர்மனி ஆல்பங்கள்தான் பெரும்பாலும். முழுதாகக் கேட்டுவிட்டு, பாட்டுகளை வரிசைப்படுத்துவார்கள். சும்மா ஓட்டுப் போடுகிற வேலை இல்லை. இந்தப் பாட்டு அதைவிட ஏன் மேல் என்று காரணம் சொல்லியாக வேண்டும். டிரம்ஸ் எங்கே தடுமாறுகிறது, கிட்டார் எங்கே உயிரை எடுக்கிறது என்று தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். அவ்வளவையும் ஞானராஜ் நோட்டில் எழுதினான். இருபத்திரண்டு வருடத்தில் நாற்பது நோட்டுகள் சேர்ந்தன.

தரமணியில் ஒரு நிறுவனம் அப்போதுதான் நிரையாளியை உருவாக்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்திலேயே காரணம் எழுதிய பட்டியல் அவர்களுக்கு வேறெங்கும் அகப்படவில்லை. கேட்டதும் ஞானராஜ் நோட்டுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். பிரதி எடுத்துக்கொண்டு, ஒரு பாராட்டுக் கேடயத்துடன் திருப்பித் தந்தார்கள். எந்திரம் ஒப்பிடக் கற்றுக்கொண்டது பாட்டில். பிறகுதான் பள்ளிக்கூடம், வீடு, இதயம் எல்லாம்.

எந்திரம் வந்த ஆறே மாதத்தில் சபை கலைந்துபோனது தனிக் கதை. பதில் தெரிந்த பிறகு யார் சண்டை போடுவார்கள்? எந்த ஆல்பத்தைக் கேட்டாலும் சிறந்த பாட்டு முதலில் வரும்படி நிரையாளியே அடுக்கிக் கொடுத்தது. ஜனங்களுக்கு அந்த முதல் பாட்டில் மயிர் சிலிர்த்தது. ஞானராஜுக்கும்தான் சிலிர்த்தது. முன்பு அவ்வளவாகப் பிடிக்காத பாட்டாயிற்றே என்று சில சமயம் தோன்றும். வயதாகிவிட்டது, ரசனை மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

செவ்வாய் மதியம் ஷெரினைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் போனான்.

"நீங்க சண்டை போட்டதை வாசிண்ணா, சிரிப்பா இருக்கும்" என்றாள் அவள். "அந்த மணிச் சத்தம் வர ஆல்பம். கிரேவ் ஃபவுண்ட்ரி பேண்டோடது."

"ஆஷ் கதீட்ரலா? அதுக்குக் கைகலப்பே ஆச்சு. குமரேசன் சட்டை கிழிஞ்சுது."

அவள் சிரித்தாள், இருமினாள், கண்ணை மூடிக்கொண்டாள். நிரையாளி அடுக்கிய வரிசையில் ஆல்பத்தை மெல்லிய ஒலியில் வைத்துவிட்டு அவன் பக்கத்தைப் புரட்டினான். முதலில் வந்த பாட்டு சால்ட் பெல். நோட்டிலும் முதல் வரியில் அதுதான் இருந்தது. பக்கத்தில் அவனுடைய கையெழுத்தில், 'தாலாட்டு. தூக்கம் வருகிறது. இதை எடுத்துவிட்டால் ஆல்பம் பிழைக்கும்' என்று எழுதியிருந்தது.

அவனுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது.

இரும்புச் சபையில் எப்போதும் கீழிருந்துதான் தொடங்குவார்கள். கடைசி இடத்தை முதலில் முடிவுசெய்து முதல் வரியில் எழுதுவார்கள். முதலிடத்தைக் கடைசியில்தான் திறப்பார்கள். முதலிடத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் எவன் உட்கார்ந்திருப்பான்? எண் போடுவதில்லை, அவசியமே இருந்ததில்லை. முதல் வரியில் இருக்கும் சால்ட் பெல் எட்டுப் பாட்டில் எட்டாவது என்று ஆறு பேருக்கும் தெரியும். ஏழாவதாக ஒருவர் படிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. நிறுவனத்தார் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்படியும் ஒரு முட்டாள்தனம் உண்டா என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அதே நோட்டில் இருந்த வேறு ஆல்பங்களைத் திரையில் தேடினான். ஐந்து பார்த்தான். ஐந்திலும் நிரையாளியின் வரிசை நோட்டில் மேலிருந்து கீழாக இருந்தபடியே இருந்தது. சபை குப்பை என்று தள்ளியது எல்லாம் சிகரத்தில் இருந்தது. ஊர் முழுவதும் அதைக் கேட்டுச் சிலிர்த்துக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் இந்த எந்திரம் ஒப்பிடக் கற்றதே தலைகீழாக. அரிச்சுவடியையே தலைகீழாகப் பிடித்துப் படித்த எந்திரம், பின்னால் எதை நேராகப் படித்திருக்கும்? மணிக்கட்டுத் திரையைப் பார்த்து, "இதய வரிசையைக் காட்டு" என்றான். உறவினர்கள் அதைப் பார்க்கலாம். முதலிடம் ஷெரின். ஒன்பதாவது பாண்டுரங்கன்.

பாண்டுரங்கன் எதிர்க்கட்டிலில்தான் இருந்தார். அறுபத்தாறு வயது. உதடு நீலமாகி, ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். அவரைவிட அந்த இதயம் யாருக்கு அவசரம் என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

அவருடைய மகள் யாழினி தண்ணீர் பாட்டிலோடு அவனிடம் வந்தாள்.

"அண்ணே, உங்க தங்கச்சிக்கு ஒண்ணாமே? இப்பதான் நர்ஸம்மா சொன்னாங்க. சந்தோஷம்ணே."

"அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?"

"ஒன்பது வந்திருக்கு. எனக்கு முதல்ல வயிறு எரிஞ்சுது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் யோசிச்சேன். நிரையாளி சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்ல? நமக்கு என்ன தெரியும்?" அவள் நோட்டைப் பார்த்தாள். "இது என்னண்ணே, பாட்டு நோட்டா?"

"பழைய குப்பைம்மா" என்று மூடிப் பையில் போட்டான்.

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தான். மருத்துவமனை வாசலில் நிறுவனத்தின் குறைகேட்புப் பெட்டி இருந்தது. பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் பேசினால் போதும். புதன்கிழமை காலையில் அதன் முன்னால் போய் நின்றான். பின்னால் ஆள் வந்ததும் நகர்ந்துவிட்டான். அதே நாள் மாலையில், இன்னும் இரண்டு நாள்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். வியாழக்கிழமை யாழினிக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவள் "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்றபோது தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான். ஷெரின் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏண்ணா என் முகத்தையே பாக்க மாட்டேங்கிற? பயமா?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நான்தானே முதல்ல இருக்கேன்."

வெள்ளிக்கிழமை ஷெரினுக்குப் புது இதயம் பொருத்தினார்கள். ஏழு மணி நேரம் ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதட்டில் ரத்தச் சிவப்பு திரும்பியிருப்பதைப் பார்த்து அவன் மண்டியிட்டு ஜெபித்தான். எழுந்து திரும்பியபோது வார்டில் எதிர்க்கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். யாழினி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போக தைரியமில்லாமல் பின்படி வழியாக இறங்கினான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தரமணி அலுவலகத்தில் நோட்டோடு நின்றான். நித்திலா என்ற அதிகாரி அவனை உட்கார வைத்தாள். முப்பது வயதுகூட இருக்காது, பேச்சு தணிவாக இருந்தது. அவன் எல்லாவற்றையும் கொட்டினான். பாண்டுரங்கனின் பெயரைக் கடைசியாகச் சொன்னான்.

"நான் கொன்னுட்டேம்மா அவரை."

"இல்ல சார். தண்ணி குடிங்க. அவருக்கு நுரையீரல் போயிடுச்சு. எந்த இதயம் வச்சிருந்தாலும் ஆபரேஷன் மேசையிலயே போயிருப்பார். உங்க தங்கச்சிக்குத்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். வரிசை சரியாத்தான் இருந்துது."

"எப்படிச் சரியா இருக்கும்? அது படிச்சதே தலைகீழா..."

"ரெண்டாவது மாசமே கண்டுபிடிச்சோம் சார். பள்ளி, வீடு, ஆஸ்பத்திரி எல்லாத்தையும் அப்பவே நேராக்கிட்டோம். பாட்டை மட்டும் அப்படியே விட்டோம்."

"ஏன்?"

"முதல்ல, யாரும் புகார் சொல்லலைன்னு விட்டோம். எல்லாருக்கும் சிலிர்த்துது. அப்புறம் வேற உபயோகம் தெரிஞ்சுது." அவள் மேசைத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "பாட்டு தலைகீழா இருக்குன்னு யாராவது கண்டுபிடிச்சா, உடனே அவங்க வேற எந்த வரிசையைத் திறந்து பாக்குறாங்கன்னு பதிவாகும். அதுக்கப்புறம் எங்ககிட்ட சொல்ல எத்தனை நாள் ஆகுதுன்னும் பதிவாகும். நீங்க செவ்வாய் மதியம் அஞ்சு ஆல்பம் பாத்துட்டு இதய வரிசையைப் பாத்தீங்க. இன்னிக்கு வந்திருக்கீங்க."

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எந்தப் பாட்டுக்கும் அப்படிச் சிலிர்த்ததில்லை.

"நான் யாருக்கும் கெடுதல் பண்ணலைதானே?" என்றான் கடைசியில்.

"பண்ணல சார். ஆனா அது உங்களுக்குத் தெரியாதே."

திரையில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாளும் காரணமும். அவனுடைய பெயர் இருபத்தொன்பதாவதாக இருந்தது. முதலிடத்தில் இருந்தவர் பதினோரு நிமிடத்தில் வந்து சொன்னவர்.

"அவருக்கு யாரு ஆஸ்பத்திரியில இருந்தாங்க?"

"யாரும் இல்ல. முதல் எட்டுப் பேருக்கும் யாரும் இல்ல."

"இந்த வரிசை எதுக்கும்மா?"

நித்திலா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நல்ல பெண்தான், அவள் முகத்திலும் வருத்தம் இருந்தது. "வளர்ப்பு இதயம் ஏழு வருஷம்தான் தாங்கும் சார். உங்க தங்கச்சிக்கு அடுத்தது வேணும்னா மறுபடியும் வரிசையில நிக்கணும். இந்த வருஷத்துலேர்ந்து நோயாளியை மட்டும் பாக்கறதில்ல. அவங்களைப் பாத்துக்குறவர் எவ்வளவு நம்பத் தகுந்தவர்னும் பாக்குது."

ஞானராஜ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அவளுக்கு நான் ஒருத்தன்தாம்மா இருக்கேன்."

"தெரியும் சார்" என்றாள் அவள். "அதையும் சேர்த்துப் பாத்துதான் இருபத்தொன்பது."