முப்பத்திரண்டாம் டோக்கன்

"கதவைப் பூட்டிட்டுப் போன அந்தப் பாவிய உள்ள தள்ளணும் சார். எனக்கு அது போதும்."

துப்பறிவாளரின் அறைக்கு வந்த அம்மாள் உட்காரக்கூட இல்லை. பள்ளிக்கூட ஆசிரியை, வயது ஐம்பது இருக்கும். போன வாரம் தம்பியோடு குகை பார்க்கப் போனவர், தம்பி இல்லாமல் திரும்பியிருந்தார். எந்தக் காலத்திலோ தண்ணீர் தேடி உள்ளே போன தம்பிக்காக வாசலிலேயே காத்துக்கிடந்து, ஓர் அக்கா கல்லாய்ச் சமைந்துபோனதாகக் கதை சொல்லும் குகை அது. அந்தக் கல்லைப் பார்க்கத்தான் ஜனம் போகிறது.

"விடுங்கம்மா, ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடறோம்!" என்றான் துப்பறிவாளரின் மச்சினன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆசாமி. அத்தான் முறைத்ததும் நோட்டுப் புத்தகத்தில் குனிந்துகொண்டான்.

உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு பித்தளை டோக்கனை எடுத்துப்போய், வெளியே வந்ததும் வாசல் பலகையில் அதே எண்ணுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். மூட்டுவலி தாங்காமல் ஆசிரியை மட்டும் பாதியில் வெளியே வந்து, விடுதி அறையில் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். ஐந்து மணிக்கு நாற்பது டோக்கனும் பலகையில் இருந்தன. வழிகாட்டி இரும்புக் கதவைப் பூட்டிவிட்டார். காலையில் தம்பி உள்பள்ளத்தில் பிணமாகக் கிடந்தார்.

"அவர் பாக்கெட்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"ஒண்ணுமே இல்ல சார்."

"திருட்டு!" மச்சினன் துள்ளினான். "எவனோ தள்ளிவிட்டு, எல்லாத்தையும் உருவிக்கிட்டு, டோக்கனையும் மாட்டிட்டுப் போயிருக்கான் அத்தான்!"

துப்பறிவாளர் தம்பியின் போட்டோவைக் கேட்டார். ஆசிரியை கைப்பையைத் துழாவி, ஓர் ஆண் மூக்குக்கண்ணாடி, பைக் சாவி, இரண்டு போன் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்த பிறகே போட்டோ வந்தது. துப்பறிவாளர் அந்தப் போட்டோவை அதிகம் பார்க்கவில்லை.

மறுநாள் போலீசில் கொடுத்த காகிதங்களை மச்சினன் நோட்டில் எழுதிக்கொண்டான். டாக்டர் அறிக்கையில் ஒரு வரியை அடிக்கோடிட்டான்: விழுந்தவருக்கு விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது. ஆசிரியை அதை இன்னும் பார்க்கவில்லை. பிணம் கிடைத்த காலையில் போலீஸ் எடுத்த பலகையின் படமும் இருந்தது. முப்பத்தோராம் ஆணியில் இரண்டு டோக்கன்கள், முப்பத்திரண்டு காலி.

ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு குகைக்குப் போனார்கள். வாசலில் வழிகாட்டி, அவர் முகத்தை ஏறிட்டே பார்க்கவில்லை.

"அந்த ரெண்டாவது டோக்கன மாட்டுனது நான்தான் சார். உள்ள போறப்பவே டோக்கன எங்கிட்ட குடுத்தாரு. மறதியா மாட்டிட்டேன்."

துப்பறிவாளர் பலகையிலிருந்து மூன்று டோக்கன்களைக் கழற்றி அவரிடம் நீட்டி, "எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று கேட்டார். "இருபது" என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர், பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்றையும் அதனதன் ஆணியில் மாட்டினார்.

"பாத்தியா மாப்ள? இந்தக் கை ரெண்டை ஒரே ஆணியில மாட்டாது. மாட்டினவங்க யாருன்னு இவருக்குத் தெரியும்."

"வேணாம் சார்," வழிகாட்டி கெஞ்சினார். "ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்கன்னு நெனச்சேன், தப்பு என்னுதுதான். எனக்கு இந்த வேலை போனா இன்னொரு வேலை. அவங்களுக்கு இன்னொரு தம்பி கெடையாது."

"யாரைக் காப்பாத்தறே நீ?" ஆசிரியை சீறினார்.

துப்பறிவாளர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, தம்பி சாவி, கண்ணாடி எல்லாம் உங்க பையில எப்படி வந்துச்சு?"

"எங்கிட்டதான் குடுப்பான். எதைக் குடுத்தாலும் தொலைச்சுடுவான், அதனால சின்ன வயசுலேருந்து எல்லாத்தையும் நான்தான்..."

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"இதையும் நீயே வெச்சுக்கக்கான்னு குடுத்தான்," என்றார். "வலில ரெண்டையும் சேர்த்து மாட்டிட்டு... ஐயோ, நான்தான் மாட்டினேன்!"

அந்தக் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதது குகைக்குள் போய்த் திரும்பி வந்தது. அதைக் கேட்க யாருக்கும் சகிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மச்சினனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே. கதவைப் பூட்டினப்புறம் அவன் உயிரோட இருந்தானா? என்னைக் கூப்பிட்டிருப்பானா?"

மச்சினன் நோட்டைப் பிரித்து, அடிக்கோடிட்ட அந்த வரியையே பார்த்தபடி நின்றான்.

"இல்லக்கா," என்றான். "விழுந்ததுமே போயிட்டாருன்னுதான் போட்டிருக்கு."