அம்மா பேசும் பெட்டி

"அப்பா, அம்மா இன்னைக்கு சரியா பேசலை" என்றாள் குட்டி.

அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். செத்து ஒரு வருஷம் ஆனவள் சரியாகப் பேசவில்லையாம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அந்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பது குட்டியின் வழக்கம். சமையலறை வாசலில் நின்று ஈரக்கையை உதறிக்கொண்டே அம்மா கேட்பாள்: "குட்டி, சாப்டியா? வா, அம்மா ஊட்டி விடறேன்." அவ்வளவுதான். ஊரார் கல்யாணத்தையெல்லாம் மணிக்கணக்கில் படம் பிடித்துப் பிழைக்கிறவனிடம், சொந்தப் பெண்டாட்டியின் குரல் மிஞ்சியது இந்த ஒரு துண்டில்தான். இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

குட்டி பொம்மையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அவன் வீடியோவை மறுபடி ஓடவிட்டான். "குட்டி, சா" என்றதும் படம் திக்கி நின்றது. மேசைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம். அப்புறம்தான் "டியா?" வந்தது. அவள் கன்னத்தில், முன்பு இல்லாத ஒரு சின்னச் சதுரம், சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வேலை குவிந்துபோனதால் இரண்டு மாதமாகக் கம்ப்யூட்டரின் வேகத்தை அதற்கு விதித்த அளவுக்கு மேல் ஏற்றிவைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். பெட்டி கொதிக்கும், விசிறி மூச்சு வாங்கி இரையும், வெந்த தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை ஜன்னலைத் திறந்தாலும் போகாமல் திரைச்சீலையிலும் தலையணையிலும் குட்டியின் முடியிலும்கூட அடிக்கும். பழகிப்போயிருந்தது.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சானுக்கு, அதாவது பெண்டாட்டியின் அண்ணனுக்கு, போன் போட்டான்.

"வேகத்தை ஏத்தினா டிஸ்க் போயிடுமா மச்சான்?"

"நீங்க ஏத்துனது டிஸ்க்கை இல்லதான் மாப்ள. ஆனா பெட்டியே வேகுறப்ப உள்ள இருக்கிற டிஸ்க்கும் சேர்ந்துதானே வேகும். மெமரி வேற தடுமாறும். தப்பா எழுதி வச்சிட்டு, எல்லாம் சரியா எழுதிட்டேன்னு சாதிக்கும். காப்பி இருக்குல்ல?"

"வேற டிஸ்க்ல போட்டு வச்சிருக்கேன்."

"எப்ப எடுத்தது? வேகத்தை ஏத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

போன வாரம்தான் எடுத்தான். இதே பெட்டியில். கேமராவில் இருந்ததை எப்போதோ அழித்தாயிற்று.

"மொதல்ல ஆஃப் பண்ணுங்க மாப்ள. நான் வந்து பாக்குறேன்." மச்சானின் குரல் தணிந்தது. "என் தங்கச்சி குரல் எங்கிட்டயும் இல்ல."

ஆஃப் செய்யத்தான் குனிந்தான். மனசு கேட்கவில்லை. காப்பியை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்று இரண்டாவது டிஸ்க்கைச் சொருகினான்.

அதே வாசல். அதே ஈரக்கை. முகம் இருந்த இடத்தில் மோவாயிலிருந்து நெற்றிவரை சாம்பல் சதுரங்கள், நடுவில் ஒற்றைக் கண் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஒலியைக் கூட்டினான். இன்னும் கூட்டினான்.

"குட்டி, சா."

டிக்.

"டியா?"

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவன் ஒயரைப் பிடுங்கினான். விசிறி இரைந்து, தேய்ந்து, நின்றது. திரை கறுத்தது. வீட்டில் இவ்வளவு அமைதியை அவன் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

டிக்.

பெட்டியில் இல்லை. உள்ளறையில்.

சாயங்கால வெயில் தரையில் கிடந்தது. குட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பொம்மை. அதன் வாயில் ஒரு கரண்டி.

"வா, அம்மா ஊட்டி." டிக். "விடறேன்."

குழந்தையின் குரல் இல்லை அது.

தோளைத் தொட்டான். சுட்டது. அதே வாடை.

"அப்பா," என்றாள், இந்தத் தடவை தன் குரலிலேயே, அழுதபடி. "சூடா இருக்குப்பா."

திரும்பினாள். கன்னத்தில் ஒரு சின்னச் சதுரம். கட்டைவிரலால் துடைத்தான். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தான். விரலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. நெற்றியில் ஒன்று. உதட்டோரம் ஒன்று.

"ஒண்ணுமில்லடா கண்ணு. அப்பா இருக்கேன்."

வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவள் விலாவுக்குள் ஏதோ சுழன்றது. திக்கியது. மறுபடி சுழலப் பார்த்தது. அம்மாவின் குரலும் குட்டியின் குரலும் ஒன்றாக அவன் காதருகே எழுந்தன.

"சா."

டிக்.

அவன் காத்திருந்தான். மிச்சம் வரவில்லை.